ஐப்பசியில் உப்பு ஏன் தண்ணீர் விடுகிறது?

ஐப்பசி மழை தொடங்கி கொண்டல் காற்று வீச ஆரம்பித்ததும் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலோர அடுப்படிகளில் ஒரே பேச்சு: "உப்பு தண்ணி விட்டுருச்சு." ஜாடியின் அடியில் ஒரு விரற்கடை நீர் நிற்கும். மேலே இருக்கும் கல் உப்பும் நசநசவென்று கையில் ஒட்டும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, கூரையும் ஒழுகவில்லை. சித்திரை வெயிலில் இதே உப்பு சலசலவென்று கொட்டியது. அத்தனை வெயிலிலும் திடமாக இருந்த பொருள், மழைக்காலக் குளிர்ச்சியில் எப்படி நீராகிறது?

இதற்கு வேதியியலில் தனியாக ஒரு பெயர் உண்டு: டெலிக்வெசென்ஸ். பள்ளிப் பாடநூலில் இப்படிப்பட்ட பொருள்களை 'ஈரம் உறிஞ்சிக் கரைபவை' என்று படித்திருப்பீர்கள். பெயர் நீளம் என்றாலும் நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை ஒரு திடப்பொருள் தானே இழுத்துக்கொண்டு, அப்படிச் சேர்த்த தண்ணீரிலேயே கரைந்துபோவதுதான் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உப்பு உருகுவதில்லை. கறியுப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூடு எந்த வீட்டு அடுப்பிலும் சாதாரணமாக வராது. மண்டபத்திலும் பாம்பனிலும் மீன் பெட்டியில் போடும் ஐஸ் உருகுகிறது என்றால், அது வெப்பத்தை வாங்கிக்கொண்டு தன் உருவத்தை விடுகிறது. அங்கே வேறு பொருள் எதுவும் தேவையில்லை. சூடு போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு கிராம் ஐஸ் ஒரு கிராம் தண்ணீராக ஏறக்குறைய 80 கலோரி வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் மீன் மணிக்கணக்கில் குளிர்ச்சியாக இருப்பது இந்தக் கணக்கினால்தான். கரைவது வேறு சங்கதி. அதற்குச் சூடு முக்கியமில்லை, இன்னொரு திரவம் வேண்டும். மோரில் உப்புப் போட்டால் கரையும், எண்ணெயில் போட்டால் அடியில் கிடக்கும்.

ஜாடியில் நடப்பது கரைதல்தான். ஆனால் கரைக்கும் தண்ணீரை வெளியிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. உப்பே அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எப்படி எடுக்கிறது, ஏன் சில மாதங்களில் மட்டும் எடுக்கிறது என்பதுதான் சுவாரசியமான இடம்.

காற்றில் எவ்வளவு தண்ணீர்?

காற்றில் நீராவி எப்போதும் இருக்கிறது. ஆனால் அது தாங்கக்கூடிய அளவுக்கு ஓர் உச்சம் உண்டு, அந்த உச்சம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான். வானிலை அறிக்கையில் வரும் 'ஈரப்பதம் 70 சதவீதம்' என்பது, அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய உச்சத்தில் எழுபது பங்கு இருக்கிறது என்று பொருள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிற்பகலில் 30 டிகிரி, ஈரப்பதம் 70. அப்படியானால் ஒரு கன மீட்டரில் 21 கிராம் நீராவி இருக்கிறது. இரவில் 25 டிகிரிக்கு இறங்குகிறது. புதிதாக ஒரு சொட்டு ஈரமும் காற்றில் சேரவில்லை, அதே 21 கிராம்தான். ஆனால் உச்சம் 23 ஆகக் குறைந்துவிட்டதால் ஈரப்பதம் 90ஐத் தாண்டிவிடுகிறது. பகலில் காய்ந்திருந்த உப்பு விடியற்காலையில் ஈரமாக இருப்பதற்கு வேறு மர்மம் வேண்டாம். இராமநாதபுரம் கடற்கரையில் கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் நீராவிக்குப் பஞ்சமே இல்லை. மழை மாதங்களில் காலை ஈரப்பதம் 80க்கு மேல் இருப்பது இங்கே சாதாரணம். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது நிலைமை நேர்மாறு. மேற்கே நிலத்தின் மேல் காய்ந்து வரும் காற்று அது. உப்பளக்காரர்களுக்கு அந்தக் காற்றை ரொம்பப் பிடிக்கும்.

சரி, எந்த ஈரப்பதத்தில் உப்பு தண்ணீர் விட ஆரம்பிக்கும்? தூய்மையான சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 75 சதவீதம். இந்த 75 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் கருவாடு, சுவர், இரும்பு என்று எங்கே போனாலும் அது கூடவே வரும்.

ஏன் 75? திறந்து வைத்த தண்ணீரின் மேற்பரப்பில் எந்நேரமும் இரண்டு போக்குவரத்து நடக்கிறது. சில மூலக்கூறுகள் காற்றுக்குப் போகின்றன, சில காற்றிலிருந்து தண்ணீருக்குள் வருகின்றன. ராமேஸ்வரம் பேருந்தில் ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் உள்ளே இருக்கும் கூட்டம் மாறாது அல்லவா, அப்படித்தான். தூய தண்ணீரில் ஈரப்பதம் 100 ஆகும்போது இந்த இரண்டும் சமமாகின்றன. அதில் உப்பைக் கரைத்தால், உப்பின் அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கின்றன. வெளியே போவது குறைகிறது, உள்ளே வருவதை யாரும் தடுக்கவில்லை. இதற்குமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில், வெளியே போவது தூய தண்ணீரில் போவதில் முக்கால் பங்காகிவிடுகிறது. ஆகவே காற்றில் ஈரப்பதம் 75க்கு மேல் இருந்தால், போவதைவிட வருவது அதிகம். உப்புக் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரம் படிகிறது, அதில் கொஞ்சம் உப்பு கரைகிறது, அந்தக் கரைசல் இன்னும் நீராவியை இழுக்கிறது. கல் முழுவதும் கரையும்வரை இது நிற்காது. ஈரப்பதம் 75க்குக் கீழே இறங்கினால் எல்லாம் தலைகீழாகி, நீர் ஆவியாகி, உப்பு மறுபடி படிகமாகும்.

ஒவ்வொரு பொருளுக்கும் இந்த எல்லை வேறு. பொட்டாசியம் குளோரைடுக்கு ஏறக்குறைய 84, சீனிக்கு 85. மக்னீசியம் குளோரைடுக்கோ வெறும் 33தான். நம் கரையில் ஈரப்பதம் 33க்குக் கீழே போவதே அபூர்வம். அதாவது மக்னீசியம் குளோரைடை இங்கே திறந்து வைத்தால் கிட்டத்தட்ட வருஷம் முழுவதும் நீராகவே கிடக்கும்.

குற்றவாளி உப்பு மட்டும் இல்லை

இங்கேதான் நம் உப்பளங்களின் கதை உள்ளே வருகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. 'உப்புகள்' என்று பன்மையில் சொல்லக் காரணம் இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மிச்சம் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு முதலானவை.

வாலிநோக்கம் பக்கம் போனால் பாத்தி பாத்தியாக உப்பளங்களைப் பார்க்கலாம். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உற்பத்தியும் அங்கேதான். 2022இல் 'நெய்தல்' என்ற பெயரில் கடைக்கு வந்த உப்பு அந்த நிறுவனத்துடையது. அளத்தில் நடக்கும் வேலையை ஒரே வரியில் சொன்னால், ஒவ்வொரு உப்பையும் அதனதன் நேரத்தில் பிரித்து எடுப்பது. நீரின் அடர்த்தியை போமே டிகிரியில் அளக்கிறார்கள். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், படிகிறது. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 25 டிகிரி வாக்கில் வந்ததும் சோடியம் குளோரைடு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் எஞ்சிய நீரில் மக்னீசியம் மிகுந்துவிடும், நாக்கில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வெளியேற்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் உப்பு கிடைக்கட்டும் என்று அதைப் பாத்தியிலேயே வைத்திருந்தால், உப்போடு மக்னீசியமும் சேர்ந்து வரும்.

கல் உப்பின் மேல் எவ்வளவு கவனமாக வாரினாலும் இந்தக் கசப்பு நீர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், படிகங்களின் இடுக்கிலும் சிக்கியிருக்கும். வாரிய உப்பை உடனே மூட்டை கட்டாமல் கரையில் அம்பாரமாகக் குவித்து வைப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. குவியலில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை முதலில் குடித்து நீராகி, மெல்ல அடிப்பக்கம் வடிந்துவிடும். சோடியம் குளோரைடு அப்படியே நிற்கும். அதாவது சமையலறையில் நம்மைத் தொந்தரவு செய்யும் அதே குணம், அளத்தில் உப்பைச் சுத்தம் செய்யும் வேலையைக் கூலியில்லாமல் செய்துவிடுகிறது. குவியலில் நாளாகி வடிந்த பழைய உப்பு புது உப்பைவிடக் குறைவாகத் தண்ணீர் விடும் என்றால் காரணம் இதுதான்.

ஆக, உங்கள் ஜாடியில் ஈரப்பதம் 75 ஆவதற்கு முன்பே நசநசப்பு தொடங்கினால் அது மக்னீசியத்தின் வேலை. பளபளவென்று ஈரம் தெரியும், ஆனால் கல் முழுசாகத்தான் இருக்கும். ஜாடியின் அடியில் நீர் தேங்கிவிட்டால், 75ஐத் தாண்டிச் சோடியம் குளோரைடும் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த தூள் உப்பில் மக்னீசியம் மிகக் குறைவு. அதோடு கட்டி சேராமல் இருக்க மிகச் சிறிய அளவில் சில பொருள்களையும் சேர்க்கிறார்கள். அதனால் அது பெரும்பாலான நாள்களில் பொலபொலவென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே 85, 90 என்று நிற்கும்போது எந்த உப்பானாலும் தப்பாது. எந்தக் காலத்திலும் ஈரமாகாது என்று சொல்லி விற்கும் உப்பை நான் நம்புவதில்லை.

கலவைகளைப் பற்றி இன்னொன்று. இரண்டு உப்புகள் சேர்ந்திருந்தால் அவை நீராகத் தொடங்கும் எல்லை, தனித்தனியாக இருந்ததைவிடக் கீழே இறங்கிவிடும். உரத் தொழிலில் இதற்குப் பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. 30 டிகிரியில் யூரியாவின் எல்லை ஏறக்குறைய 73. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 59. இரண்டையும் கலந்தால் 18 ஆகிவிடும். பாலைவனக் காற்றில்கூட அந்தக் கலவை நீராகிவிடும். மீந்த உரங்களை ஒரே சாக்கில் கொட்டி வைத்தவர்கள் மறுநாள் குழம்பைப் பார்ப்பது இப்படித்தான்.

சொல்லின் பிறப்பு

டெலிக்வெசென்ஸ் லத்தீனிலிருந்து வந்த சொல். அதன் உள்ளே இருக்கும் வினை 'லிக்வேரெ', திரவமாக இருத்தல். லிக்விட் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அதனோடு 'தொடங்குதல்' என்ற பொருள் தரும் ஒரு விகுதி சேர்ந்து 'லிக்வெஸ்கெரெ' ஆகிறது, அதாவது நீராகத் தொடங்குதல். முன்னால் 'டே' என்ற ஒட்டு சேர்ந்தால் 'டெலிக்வெஸ்கெரெ', நீராகிக் கரைந்தே போய்விடுதல். ஐரோப்பிய வேதியியல் நூல்களில் இன்றைய பொருளில் இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

ஆனால் செயல் அதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். திராட்சை மது வைக்கும் பீப்பாயின் உள்ளே படியும் கசட்டை எரித்துச் சாம்பலாக்கி, அதை ஈரமான நிலவறையில் வைத்துவிடுவார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், அதன் எல்லை ஏறக்குறைய 43. சில நாளில் அது எண்ணெய்போல வழவழப்பான நீராக மாறிவிடும். 'பெர் டெலிக்வியம்', அதாவது தானாக நீராகும் முறையில் எடுத்தது, என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மருந்துக்காரர்களும் ரசவாதிகளும் புழங்கிய அந்தச் சொற்றொடரோடு சேர்ந்து வளர்ந்ததுதான் பின்னால் பாடப்புத்தகத்துக்கு வந்த சொல்.

நம் சித்த மருத்துவத்திலும் இதே வேலை உண்டு. காரசார உப்புகள் பலவற்றைச் சேர்த்துப் பொடித்து, பக்குவம் செய்து, இரவுப் பனியில் வைத்து, அது கசிந்து நீரானதும் எடுத்துக்கொள்வார்கள். செயநீர் என்று பெயர். மற்ற மருந்துகளை அரைக்க அது பயன்படும். உரக் கலவையைப் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். பல உப்புகளைக் கலந்தால் எல்லை கீழே இறங்கும், இரவில் குளிர்ந்தால் காற்றின் ஈரப்பதம் மேலே ஏறும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. பகலில் வைத்தால் இது இவ்வளவு எளிதாக நடக்காது.

தமிழில் இந்தச் செயல்களுக்குச் சொல் பஞ்சம் கிடையாது. உருகுதல், கரைதல், இளகுதல், கசிதல் என்று ஒவ்வொன்றும் வேறு நிலையைச் சொல்லும். ஆனால் பழைய வழக்கில் இன்றைய பாடநூல்போல இவை கறாராகப் பிரிந்து நிற்கவில்லை. நற்றிணையின் 88ஆம் பாட்டில் உப்புக்குக் 'கடல் விளை அமுதம்' என்று பெயர். மழையை ஏற்ற உப்பைப்போலத் தலைவி 'உருகி' உகுந்துவிடுவாளோ என்று தோழி அஞ்சுகிறாள். நாம் கரைதல் என்று சொல்வதை அந்தப் பாட்டு உருகுதல் என்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் நம் 'கரை'க்கு உறவான வினைதான் பனிக்கட்டி உருகுவதற்கும் உப்பு கரைவதற்கும் பொதுவாக நிற்கிறது. வெப்பத்தால் உருகுவதையும் நீரில் கரைவதையும் தமிழ் பிரித்துக்கொண்டது நமக்கு ஒரு வசதி. உருக்கு என்ற பெயரும் அந்த வேரில் பிறந்ததே, உருக்கி எடுத்த எஃகுக்கு அப்படிப் பெயர்.

அடுப்படியில் நாம் இன்னும் நுட்பமாகவே பேசுகிறோம். உப்பு 'தண்ணி விடும்', கருப்பட்டி 'இளகும்', சீனி 'பிசுபிசுக்கும்'. யாரும் கருப்பட்டி தண்ணி விட்டது என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது விடுவதில்லை. அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கருப்பட்டியும் கருவாடும்

சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனை ஏறும் காலம் முடிந்து கருப்பட்டி கொட்டானுக்குள் போனபின் அதன் சோதனைக்காலம் மழையோடு தொடங்குகிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருப்பதே. அதன் எல்லை 85 என்பதால் தனியாக இருந்தால் நன்றாகவே தாங்கும். சிக்கல் வேறு இடத்தில். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு குறைந்து பதநீர் லேசாகப் புளித்துவிட்டால், அந்தப் புளிப்பு சுக்ரோஸை உடைத்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக மாற்றிவிடும். ஃப்ரக்டோஸின் எல்லை ஏறக்குறைய 62தான். எல்லாம் கலந்து கிடப்பதால் இன்னும் கீழே இறங்கும். அதனால்தான் ஒரே மழையில் ஒரு வீட்டுக் கருப்பட்டி கல்லாக இருக்க, இன்னொரு வீட்டுக் கருப்பட்டி இளகிக் கையோடு வருகிறது. மழைக்காலத்தில் விரலால் அழுத்திப் பார்த்தால் காய்ச்சியவரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். உப்பைப்போல இது நீராகி ஓடாமல் பாகாக நிற்பதற்குக் காரணம், சர்க்கரைக் கரைசல் இயல்பாகவே கெட்டியானது.

பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் கருப்பட்டி வைப்பார்கள். புகை பட்டால் கெடாது என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் முக்கிய வேலையைச் செய்வது சூடு. மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வெளியே 25 டிகிரியில் 91 சதவீதமாக இருக்கும் காற்று, பரணில் 35 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 50ஐச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கிவிடும். கேஸ் அடுப்பு வந்தபின் பரணுக்கு அந்தச் சூடும் போயிற்று, புகையும் போயிற்று. கருப்பட்டியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடுவது இன்றைய வழி. நன்றாகக் காய்ந்த நாளில் மூடினால் அது போதும்.

கருவாட்டின் கதையில் நம் 75 நேரடியாக வந்து நிற்கிறது. உப்பிட்டுக் காயவைத்த மீனின் ஈரத்தில் உப்பு நிறையக் கரைந்திருப்பதால் மீனை அழுகவைக்கும் கிருமிகளுக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைவு. ஈரப்பதம் 75க்குக் கீழே இருக்கும்வரை கருவாடு காய்ந்தே இருக்கும். அதற்கு மேலே போனால் மேலே படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, கருவாட்டை மறுபடி நனைத்துவிடும். அப்போது சில கருவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு படலம் வரும். அது உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் வேலை. மற்ற கிருமிகள் சாகும் உப்பில் அவை செழிக்கும், ஈரம் மட்டும் வேண்டும். மழைக்காலத்தில் உப்புக் கருவாட்டைத் திறந்த சாக்கில் வைப்பதைவிடக் காற்றுப் புகாத உறையில் வைப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம். சிவப்புப் படிந்ததை வாங்காதீர்கள்.

இரும்பும் சுவரும்

கடலோர ஊர்களில் கிரில் கதவும் சைக்கிளும் மழை படாமலே துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் காய்ந்து, மிக நுண்ணிய உப்புத் துகள்களாக மிதந்து வந்து எல்லாவற்றின் மேலும் படிகின்றன. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும், உப்புக் கரைசல் அந்த வேலையை விரைவாக்கும். இரும்பின் மேல் படிந்த உப்புக்கு மழை தேவையே இல்லை. இரவில் ஈரப்பதம் ஏறியதும் அது தானே நீராகி ஒரு மெல்லிய படலமாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியமும் இருப்பதால் பகலிலும் அந்தப் படலம் முழுதாகக் காய்வதில்லை.

பாம்பன் இதற்குப் பேர்போன இடம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வருஷம் முழுவதும் பெயின்ட் அடிக்கும் வேலை ஓயாமல் இருந்தது. அரிப்பினால் வலுக் குறைந்து 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பிகளையும் பாலிசிலோக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உப்புப் படலம் இரும்பைத் தொடவிடாமல் தடுப்பதுதான் பூச்சின் வேலை. நம் வீட்டு கிரிலுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி உப்பை இறக்கினாலே ஆயுள் கூடும். ஈரத்துணியால் துடைத்து உப்பைப் பரப்பிவிட்டால் பயனில்லை.

சுவரிலும் இதுதான் நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக. கடல் மணலைக் கலந்தோ உவர் நீரை ஊற்றியோ கட்டிய சுவருக்குள் உப்பு இருக்கும். இரவில் 75ஐத் தாண்டும்போது அது கரையும், பகலில் காய்ந்து படிகமாகும். படிகம் வளரும்போது பூச்சின் நுண்துளைகளைத் தள்ளும். தினம் தினம் இப்படி நடந்தால் சிமென்ட் பொரிந்து உதிரும். வெள்ளையாகப் பூக்கும் பொடியைத் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பவர்கள் அடுத்த வருஷமும் அதையே செய்வார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் கூரையில்லாமல் நிற்கும் சர்ச்சுச் சுவர்களைத் தின்பதில் காற்றோடும் மணலோடும் இந்த உப்புக்கும் பங்கு உண்டு.

பூமிக்கு வெளியேயும் இதைத் தேடுகிறார்கள் என்பது கூடுதல் செய்தி. 2008இல் செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலத்தின் காலில் துளிகள்போல ஏதோ தெரிந்தது. அங்கே மண்ணில் கண்ட பெர்குளோரேட் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து நீரானவையாக அவை இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்

ஈரத்தை இழுக்கும் எல்லாப் பொருளும் நீராகிவிடாது. புது செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் ஈரத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும், கடைசிவரை மணிமணியாகவே இருக்கும். அரிசியும் அந்த வகைதான், ஆனால் அதன் கொள்ளளவு குறைவு. உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுவது லேசான நசநசப்புக்கு உதவும், கார்த்திகை மழைக்கு எடுபடாது. உப்பை வாணலியில் வறுத்து வைப்பது நல்ல வழி, அந்த ஈரம் போய்விடும். அப்புறம் அதை ஆறவிட்டு உடனே மூட வேண்டும். திறந்து வைத்தால் மறுநாளே பழைய கதை.

அயோடின் சேர்த்த உப்புக்கு மூடி இன்னும் முக்கியம். கடையில் விற்கும்போது அதில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம், தயாரிக்கும் இடத்தில் அதைவிடக் கூடுதல். உப்பு ஈரமாகி நீர் அடியில் வடியும்போது அயோடினும் அதோடு இறங்கிவிடும். அப்படி வடிந்த நீரைக் கொட்டிவிட்டு மேலே இருப்பதைப் பயன்படுத்தினால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் உப்பு. ஆகவே மழைக்காலத்தில் சின்ன டப்பாவாக வாங்கிச் சீக்கிரம் தீர்ப்பது நல்லது. ஈரக்கையால் எடுக்காமல் மரக்கரண்டியால் எடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சோதனை. மூன்று சின்னத் தட்டில் ஒரே அளவாகப் பாக்கெட் தூள் உப்பு, கல் உப்பு, சீனி எடுத்து, மழை நாளில் இரவு ஜன்னலோரம் திறந்து வையுங்கள். மழைச்சாரல் மட்டும் படக்கூடாது. காலையில் கல் உப்புதான் அதிகம் ஈரமாக இருக்கும், தூள் உப்பு கட்டியாகி ஓரங்களில் நீர் காட்டும், சீனி அநேகமாகப் பிசுபிசுப்போடு நின்றுவிடும். சமையல் தராசு இருந்தால் இரவிலும் காலையிலும் நிறுத்துப் பார்க்கலாம், கூடிய எடை முழுவதும் காற்றிலிருந்து வந்த தண்ணீர். அதே தட்டுகளைத் தை மாத நண்பகலில் வைத்து நிறுத்தால் எடை திரும்பக் குறையும். அலமாரி ஈரத்துக்காகக் கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாவையும் இந்த வரிசையில் வைக்கத் தோன்றும். அதன் எல்லை 30 வாக்கில் இருப்பதால் ஒரே இரவில் நீரைக் காட்டிவிடும், ஆனால் அந்த நீர் தோலையும் கண்ணையும் எரிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துக் காட்டுங்கள்.